கொட்டேஷன் போட்டா வர்ற வினை
"கீவேர்டு அடிச்சா போதும், மீதிய சாஃப்ட்வேரே பாத்துக்கும்"னு ஆராய்ச்சிப் பேப்பர் தேடறது பத்தின உங்க கட்டுரைல எழுதிருக்கீங்க, அங்கதாங்க இடிக்குது. பப்மெட்ல, அதாவது மருத்துவப் பேப்பர் தேடற தளத்துல, ஹார்ட் அட்டாக்னு சும்மா அடிச்சா அது உள்ளுக்குள்ள மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்ங்கற (ஹார்ட் அட்டாக்கோட மருத்துவப் பேரு) மெஷ் தலைப்பையும், அதாவது பேப்பர்கள டாபிக் வாரியா பிரிக்க வச்சிருக்கற பொதுத் தலைப்பையும், தானா சேத்து தேடும், அதையே கொட்டேஷன் மார்க்குக்குள்ள போட்டுட்டா அந்த வேலைய நிறுத்திடும், நீங்க அடிச்ச எழுத்து அப்படியே இருக்கற பேப்பர் மட்டும்தான் வரும். இது தெரியாம நான் எல்லாத்துக்கும் கொட்டேஷன் போட்டு ரெண்டு வாரம் தேடிட்டு "இந்த டாபிக்ல பேப்பரே இல்ல சார்"னு கைடுகிட்ட போய் நின்னேன், அவர் பாத்த பார்வை இருக்கே!

அடுத்து பிராக்கெட். கேன்சர் ஆண்ட் சைல்ட் ஆர் அடோலசென்ட்னு வரிசையா அடிச்சா பப்மெட் இடமிருந்து வலமாத்தான் படிக்கும், அதனால கேன்சருக்கு சம்பந்தமே இல்லாத அடோலசென்ட் பேப்பரெல்லாம் வந்து குவியும். கடைசி ரெண்டையும் பிராக்கெட்ல போட்டா சரியாயிடும். பப்மெட்டோட அட்வான்ஸ்டு பக்கத்துல ஹிஸ்டரிக்கு கீழ டீடெய்ல்ஸ்னு ஒண்ணு இருக்கு, நம்ம தேடல அது எப்படி புரிஞ்சுகிச்சுன்னு அப்படியே காட்டும், யாரும் அத திறந்தே பாக்கறதில்ல.

கூகுள் ஸ்காலர் மட்டும் போதும்ங்கறவங்களுக்கு ஒண்ணு: லட்சக்கணக்குல ரிசல்ட்னு மேல காட்டினாலும் முதல் 1000க்கு மேல பாக்க விடாது. சும்மா மேலோட்டமா ஒரு பார்வை பாக்க அருமையான சாமான்தான், ஆனா சிஸ்டமேட்டிக் ரிவ்யூக்கு, அதாவது ஒரு கேள்விக்கு வந்த பேப்பரெல்லாம் முறையா தேடித் தொகுக்கற வேலைக்கு, அத மட்டும் நம்பி இறங்காதீங்க. அப்புறம் தேடின வரி, தேதி, எந்த டேட்டாபேஸ், எத்தன ரிசல்ட்னு அன்னிக்கே எழுதி வச்சிடுங்க, இல்லாட்டி ஆறு மாசம் கழிச்சு ரிவ்யூவர் கேட்டா முழிக்கணும்.