நல்ல சமாரியன் கொடுத்த இரண்டு பணம்

டிசம்பர் மூன்றாம் வாரம் வந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனாலும் அரிசிப் பை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய், ஒரு புடவை, ஒரு கேக். மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். கொடுக்கிறவர்களின் மனசை நான் குறை சொல்லவில்லை. அதற்காகச் சீட்டுக் காசை உடைத்துக் கொடுத்தவர்களும் அதில் உண்டு. ஆனால் அந்தப் பை பொங்கலுக்கு முன்பே தீர்ந்துவிடும். வடசென்னையில் பல வீடுகள் தத்தளிப்பது ஜூன் மாதத்தில்.

இயேசு சொன்ன உவமையில், எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். அடுத்த வசனத்தில் நிற்பவர்கள் குறைவு. மறுநாள் புறப்படும்போது அவன் சத்திரக்காரன் கையில் இரண்டு பணம், அதாவது இரண்டு வெள்ளிக் காசு, கொடுக்கிறான். திராட்சத்தோட்ட உவமையில் கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம்தான் பேச்சு. அப்படியென்றால் இது இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கட்டுப் போட்டான், வாகனத்தில் ஏற்றினான், தங்க இடம் பார்த்தான், முன்பணம் கொடுத்தான், மறுபடி வருவதாக வாக்குக் கொடுத்தான். இவ்வளவும் சேர்ந்ததுதான் "நீயும் போய் அப்படியே செய்" என்று இயேசு சொன்னது. நம் சபைகளில் முதல் பாதி நன்றாகவே நடக்கிறது. திரும்பி வருகிற பாதிக்குத்தான் ஆளில்லை. கிறிஸ்தவ அன்பு நிற்பதும் விழுவதும் அந்த இரண்டாவது வருகையில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அரிசிக் கணக்கு. ரேஷன் கார்டு இருக்கிற வீட்டுக்குப் பெரும்பாலும் அரிசி இலவசமாகவே வருகிறது. அந்த வீட்டில் முட்டுகிற இடம் வாடகை, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் பள்ளிச் செலவு, மாத்திரை. அரிசி நிஜமாகத் தேவைப்படுவது கார்டு இல்லாதவர்களுக்கு: வாடகை வீடு மாறி மாறி முகவரியைத் தொலைத்த குடும்பம், வடமாநிலத் தொழிலாளி, புருஷன் வீட்டுக் கார்டிலேயே பேர் மாட்டிக்கொண்டு தனியாக வந்துவிட்ட பெண். ஆகவே பை கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கார்டு இருக்கிறதா? இருக்கிற வீட்டுக்கு அதே பணத்தில் சிலிண்டர் வாங்கிக் கொடுங்கள். இல்லாத வீட்டுக்கு அரிசியோடு நிற்காமல், இ-சேவை மையத்துக்குக் கூடப் போய் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள்.

அடுத்தது காலக்கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடை, அது வேண்டியதுதான். படகு கட்டிக் கிடக்கும்போது மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் வருகிறது. ஆனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்கள் மட்டுமா? ஐஸ் உடைக்கிறவர், கூடை தூக்குகிறவர், இறால் உரிக்கிற பெண்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், ஏலத்தில் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிற அம்மாக்கள். இவர்களில் பலர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. வருமானம் நின்று ஒன்றரை மாதம் ஆகும்போது ஜூன் தொடக்கத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். நோட்டு, ஷூ, வேன் காசு, பீஸ் எல்லாம் ஒரே வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். நாள் தவணைக்கு வட்டிக் கடன் கொடுக்கிற தண்டல்காரர் அந்த வாரம்தான் தெருவுக்குள் அதிகம் வருவார். சபை தன் தர்ம நிதியில் பாதியையாவது மே கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் மழைத் தண்ணீர் தேங்கினால் நவம்பரில் வேலை போகும். அங்கே டிசம்பர் உதவி சரியான நேரத்து உதவிதான். 2023 மிக்ஜாம் புயலில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது வீட்டுக்கு அரிசி போய்ச் சேர்ந்தது, ஆனால் கெட்டுப்போன வலைக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி மாதக்கணக்கில் நின்றது. எந்தத் தெருவுக்கு எந்த மாதம் கஷ்ட மாதம் என்று ஒரு தாளில் எழுதி ஆலய அலுவலகத்தில் ஒட்டி வையுங்கள்.

தண்டல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்தாயிரம் என்று எழுதிக்கொள்வார்கள். முன்பிடித்தம் போக 8,500 கையில் வரும். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் வருஷ வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டியோடு தண்டலையும் பேர் சொல்லியே தடுக்கிறது. இருந்தும் மக்கள் ஏன் போகிறார்கள்? கேட்ட அன்றைக்கே பணம் கிடைக்கிறது, யாரும் புத்திமதி சொல்வதில்லை, தெருவுக்குத் தெரியாது. சபை கொடுக்கிற உதவியில் இந்த மூன்றும் இல்லை. விண்ணப்பம் எழுது, கமிட்டி கூடும் வரை இரு, அதற்குள் பாதிச் சபைக்கு விஷயம் தெரிந்திருக்கும். அன்புகூருகிறோம் என்கிற நாம் தண்டல்காரரை விட மெதுவாகவும், வாங்குகிறவரை அதிகம் வெட்கப்படுத்தியும் கொடுக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்றை எந்தச் சபையும் நடத்தலாம். ஐம்பதாயிரம் இருந்தால் தொடங்கலாம். ஒருவருக்கு அதிகபட்சம் 5,000. திருப்புவது மாதத் தவணையாக வேண்டாம். கூலி வாரத்துக்கு வருகிறது, அதனால் வாரம் 250, இருபது வாரம். முடிவெடுக்க மூன்று பேர் போதும், அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். கேட்ட 24 மணி நேரத்துக்குள் ஆம், இல்லை சொல்லிவிட வேண்டும். நோட்டில் பேர் இருக்கும், மாதக் கூட்டத்தில் பேர் வாசிக்கப்படாது. எத்தனை பேருக்கு எவ்வளவு என்ற எண்ணிக்கை மட்டும் வாசிக்கப்படும். கேட்கிறவரிடம் தவறாமல் கேட்க வேண்டியது, ஏற்கெனவே வேறு எங்கே கட்டுகிறீர்கள் என்பது. மூன்று இடத்தில் தண்டல் ஓடும் வீட்டுக்கு நம் 5,000 நான்காவது கடனாகத்தான் போய்ச் சேரும். அங்கே அதிகம் அரிக்கிற ஒரு கடனை நாமே நேரில் முழுசாக அடைத்துவிடுவதுதான் உதவி.

இந்த நிதி கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். தவணை தவறியவர் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுவார். வாசலில் பொருளாளர் நிற்பார் என்ற கூச்சம். 5,000 ரூபாய் போவதை விட அந்தக் குடும்பம் போவது பெரிய நஷ்டம். இரண்டு வாரம் வரவில்லை என்றால் மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போங்கள். பணப் பேச்சை எடுக்காமல் நலம் விசாரியுங்கள். தேவைப்பட்டால் இரண்டு மாதம் தவணை வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். நிதியில் பத்தில் ஒரு பங்கு திரும்பாது என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் யாருக்கும் மனக்கசப்பு வராது. கைம்மாறு எதிர்பாராமல் கடன் கொடுங்கள் என்று லூக்கா ஆறாம் அதிகாரத்தில் இருப்பதைக் கணக்கு நோட்டில் எழுதுகிற விதம் அதுதான்.

ஆஸ்பத்திரிக்கு வருவோம். 1782 பஞ்சத்தில் தொடங்கிய கஞ்சித்தொட்டி சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி மருத்துவமனை. ஒரு சத்திரம் வளர்ந்து இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியாக நம் நடுவில் நிற்கிறது. சமாரியனின் வேலை செய்ய வடசென்னைக்காரர்கள் எரிகோ வழிக்குப் போக வேண்டியதில்லை. நோயாளியைப் பார்க்க எட்டுப் பேர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு போய்ச் சத்தமாக ஜெபம் பண்ணுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்தவர் படுத்திருப்பார். அங்கே ரொம்பக் களைத்திருப்பது பெரும்பாலும் கூட இருக்கிற ஆள். தூக்கமில்லை, குளியலில்லை, போனில் சார்ஜ் இல்லை, வேலைக்குப் போகாததால் கையில் காசில்லை. ஒரே ஒரு ஆள் போங்கள். நான்கு மணி நேரம் நான் உட்காருகிறேன், நீங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். கையில் பாய், பெட்ஷீட், சோப்பு, சார்ஜர், பிளாஸ்கில் வெந்நீர், கூட இருப்பவருக்கு இட்லியோ தயிர்சாதமோ. நோயாளிக்கு எதுவும் கொடுக்கும் முன் நர்ஸிடம் கேளுங்கள்; சர்க்கரை, சிறுநீரகம், வெறும் வயிற்றில் இருக்க வேண்டியவர் என்று ஆளுக்கொரு விதி. ஜெபிக்க வேண்டுமானால் அவரிடம் கேட்டுவிட்டு, காதருகே மெதுவாக.

செலவு அதிகமாகும் சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை; ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ். இந்த மூன்றாவது இல்லாமல்தான் ஆட்கள் அலைவார்கள். அந்த அலைச்சலை வாங்கிக்கொள்வது ஒரு சமாரிய வேலை. ரத்தம் கேட்டால் ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தடவை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு தடவை கொடுக்கலாம். வாலிபர் சங்கத்தில் யார் எந்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார் என்று ஒரு பட்டியல் தயாராக இருந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு யாரும் ஸ்டேட்டஸ் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை.

காசநோய் வந்த வீட்டுக்குத்தான் இரண்டாவது வருகை உயிரைக் காக்கும். சாதாரண நுரையீரல் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. மாத்திரை இலவசம். ஒரு மாதத்தில் இருமல் அடங்கி, பசி எடுத்து, உடம்பு தேறும். அங்கேதான் ஆபத்து. நல்லாயிட்டேன் என்று மாத்திரையை விட்டால் கிருமி மருந்துக்கு மசியாமல் திரும்பி வரும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ஒரு மாத்திரையின் நிறம், பயம் வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் கணக்குக்கு வரும். 2024 அக்டோபர் வரை அது 500-ஆக இருந்தது. கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் வராது, அதைப் போய்ச் சரிசெய்து கொடுங்கள். ஆறு மாதமும் வாரம் ஒரு முறை ஒரே ஆள் ஒரு டஜன் முட்டையோடு போய், மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு வந்தால் போதும். தட்டு, டம்ளரைத் தனியாக வைப்பது அந்த ஆளை நோகடிக்கும், நோயைத் தடுக்காது. காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆரம்ப வாரங்களில் அவர் மாஸ்க் போடட்டும், வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்குப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மருந்து ஒழுங்காகப் போனால் ஏறத்தாழ இரண்டு வாரத்திலேயே தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் அவரை ஆராதனையில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பது பாவம். அந்த வார்த்தையைத் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

துக்க வீட்டில் முதல் மூன்று நாள் நம் ஜனங்கள் அருமையாக நடந்துகொள்வார்கள். பந்தல், நாற்காலி, டீ, ஐஸ் பெட்டி எதற்கும் குறையிருக்காது. இரண்டாம் வாரம் அந்த விதவை தனியாக நிற்பாள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் இறந்திருந்தால் பார்த்து வந்த டாக்டரின் சான்று வேண்டும். சான்றிதழில் பேர் ஆதாரில் உள்ள மாதிரியே எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வீட்டில் அந்தோணி, ஆதாரில் ஆண்டனி, ஞானஸ்நானப் பேர் வேறு என்று இருப்பது நம்மிடம் சகஜம். அந்த ஒரு எழுத்தினால் வாரிசுச் சான்றிதழும் பேங்க் பணமும் பல மாதம் நிற்கும். ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023-லிருந்து மாதம் 1,200 ரூபாய். தகுதியிருந்தால் விண்ணப்பம் போட உதவுங்கள். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்கள் இதில் எது முடிந்தது, எது முடியவில்லை என்று கேட்டுவிட்டு வரட்டும்.

தெருவில் செய்ய வேண்டியவை சின்னவை, ஆனால் தினசரி. ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிற பாட்டிக்கு லாரித் தண்ணீர் இரண்டு குடம் ஏற்றிக் கொடுப்பது. உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றி, தூய்மைப் பணியாளரிடம் வாயால் சொல்லிக் கொடுப்பது. கிறிஸ்மஸ் கேரலில் ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டு நோயாளியை நினைத்துக் குறைப்பது. ஞாயிற்றுக்கிழமை அடுத்தவர் கேட்டை மறித்து வண்டி நிறுத்தாமல் இருப்பது. பக்கத்து வீட்டுக்காரர் எந்த மதமாக இருந்தாலும் இதெல்லாம் அவருக்குச் சேர வேண்டியதுதான்.

உதவிப் பையில் மதப் பிரசாரத் துண்டுப்பிரதி வைப்பதை நான் எதிர்க்கிறேன். சமாரியன் அடிபட்டவனிடம் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. பசியில் இருக்கிறவன் கையில் அரிசியோடு சேர்த்துக் கொடுக்கிற காகிதம், வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வைத்துக் கொடுக்கப்படுகிறது. நம் விசுவாசத்தைப் பற்றி அவர் கேட்டால் தாராளமாகப் பேசுவோம். கேட்கும் வரை காத்திருக்கலாம்.

கடைசியாக, இதையெல்லாம் செய்கிற ஆட்கள். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு சந்திக்க எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். நல்ல வழக்கம், எல்லாச் சபையும் எடுத்துக்கொள்ளலாம். தனியாகப் போனால் சோர்வு வரும், பேச்சும் வரும். நடப்பில் ஒவ்வொரு பங்கிலும் (ஆலய வட்டாரத்திலும்) இந்த வேலையை மூன்று நான்கு பெண்கள்தான் சுமக்கிறார்கள். பத்து வருஷம் கழித்தும் அதே நால்வர். எருசலேமில் விதவைகளுக்குப் பந்தியில் குறை வந்தபோது அப்போஸ்தலர்கள் சபையாரையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். நாமும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுவோம். இப்போது சுமக்கிற அக்காமார்களுக்கு எண்ணூரிலிருந்து ஸ்டான்லி போய்வர ஆகும் ஆட்டோ காசு, மதியச் சாப்பாடு, போன் ரீசார்ஜ் ஆகியவற்றைச் சபைக் கணக்கிலிருந்து கொடுங்கள். ரசீது கேட்டு நிற்க வைக்காதீர்கள்.