படிக்காமலே வரும் கோபம்

அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லர் பாலினம் பற்றி எழுதிய ‘ஜெண்டர் ட்ரபிள்’ புத்தகம் வந்தது 1990இல். காலையில் அலமாரியைத் திறந்து அன்றைய பாலினத்தை எடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதாக இன்னமும் அளக்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று 1993இலேயே அடுத்த புத்தகத்தின் முன்னுரையில் எழுதிவிட்டார். யார் படித்தது? நடை கடினம் என்று திட்டினால் சரி, ஒரு வாக்கியம் முடிவதற்குள் எனக்கும் அதன் தொடக்கம் மறந்துபோகும். நூலகப் பிரதியைப் புரட்டினால் முதல் பத்துப் பக்கம் பென்சில் கோடு, அப்புறம் கைபடாத காகிதம். அந்தப் பத்துப் பக்க ஞானத்தில்தான் இத்தனை ஆவேசம். 2017இல் பிரேசிலின் சாவோ பாவ்லோவில் அவருடைய உருவ பொம்மையையே கொளுத்தினார்கள். அவர் அங்கே போனதோ ஜனநாயகம் பற்றிய கருத்தரங்குக்கு!