பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டுக்கு ஏரியா பார்க்கிறவர்களுக்கு

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (இசிஆர்) வீடு வாங்க ஐந்து நல்ல ஏரியா என்று மார்க் போட்டுச் சொல்லும் அந்த "இசிஆர் டாப் 5" வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்ப ஷேர் செய்யப்போவதில்லை. பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைந்த கட்டடங்களைப் பற்றி அதன் கீழே நான் எழுதிய கமெண்ட் காணாமல் போனதும், "வாங்க வக்கில்லாதவன் வயிற்றெரிச்சல்" என்று ஒருவர் எழுதியதற்கு சேனல்காரர் ஹார்ட் போட்டதும் உங்களில் பலருக்குத் தெரியும். வலித்தது. அதற்காக இதை எழுதவில்லை. அந்த வீடியோவை நம்பி அட்வான்ஸ் கொடுக்கக் கிளம்பியிருக்கிறவர்கள் இன்பாக்ஸில் கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நீங்கள் வாங்கப்போவது இரண்டாவது வீடு. குடியிருக்கும் வீடு வேறெங்கோ இருக்கிறது. வாரக் கடைசியில் வருவோம் என்பீர்கள். ஆரம்பத்தில் வரத்தான் செய்வீர்கள். அப்புறம் பிள்ளைக்குப் பரீட்சை, ஊரில் கல்யாணம், அம்மாவுக்கு முட்டிவலி என்று ஒவ்வொன்றாக வரும். வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த ஃபிளாட் பூட்டித்தான் கிடக்கும். ஆகவே "கடல் எத்தனை அடி?" என்று கேட்காதீர்கள். நாம் இல்லாதபோது இந்த ஏரியா நம் வீட்டை எப்படி வைத்திருக்கும் என்று கேளுங்கள். அந்த வீடியோவில் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. பால்கனியிலிருந்து அலை தெரிந்தால் முழு மார்க், அவ்வளவுதான்.

பூட்டிய வீட்டுக்குள் உப்புக்காற்று என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் அப்படி மார்க் போடமாட்டார்கள். பனையூர்ப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு ஃபிளாட், ஒரு மழைக்காலம் முழுக்கத் திறக்கப்படாமல் கிடந்தது. யுபிவிசி ஜன்னல் சட்டம் புத்தம்புதுசு மாதிரி இருந்தது. அதைத் தாங்கும் ஃபிரிக்‌ஷன் ஸ்டே என்ற உலோகக் கீல் மட்டும் துருவேறி இறுகி, தள்ளினால் கையோடு வந்தது. ஏசி அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் விரல் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. எம்சிபி என்ற மின்தடுப்பு சுவிட்சுகளின் பெட்டிக்குள் செம்பு ஒயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது. குளியலறையில் சாக்கடை வாடையைத் தடுக்கக் கழிவுக்குழாய் வளைவில் (டிராப்) நின்ற தண்ணீர் ஆவியாகிவிட்டதால், கதவைத் திறந்ததும் சாக்கடை வாடை. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரவில் குளிர்ந்ததும் ஈரமாகும், பகலில் காயும், மறுபடி ஈரமாகும். ஆள் புழங்கும் வீட்டில் துடைப்பார்கள், ஜன்னலைத் திறந்து மூடுவார்கள், ஃபேன் சுற்றும். பூட்டிய வீட்டில் யார் செய்வார்கள்?

உப்பின் கடுமை கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் வேகமாகக் குறைந்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், திரும்பவும் சொல்கிறேன்: இரண்டாவது வீட்டுக்கு முதல் வரிசை வேண்டாம். இரண்டாவது, மூன்றாவது வரிசையில், எதிரே இன்னொரு கட்டடம் காற்றைத் தடுக்கும் இடத்தில் வாங்குங்கள். கடலுக்கு நடந்து போக ஐந்து நிமிஷம் கூடும். கதவு, ஜன்னல், ஏசி எல்லாவற்றின் ஆயுளும் நீளும்.

கான்கிரீட்டுக்கும் இதே கதைதான். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 "சிவியர்" (கடுமையான சூழல்) வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 என்ற வலிமைக் கலவை, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் (கவர்), தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. அலைத்தூவல் நேராகப் படும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். சைட்டுக்குப் போனால் கிளப் ஹவுஸைக் காட்டுவார்கள். ஸ்லாப் கம்பி கட்டும் நாளில் போய், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே டேப் வைத்துப் பாருங்கள். ஊருக்குள் போடும் அதே 20 மில்லிமீட்டர் கட்டையைப் போட்டுக்கொண்டிருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பழைய கட்டடமென்றால் தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே இருக்கும் ஸ்டில்ட் பார்க்கிங்கில் நின்று தலைக்கு மேலே, பீமின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பியின் போக்கிலேயே ஓடும் விரிசலும் பழுப்புக் கறையும் இருந்தால், உள்ளே துரு வீங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். "பூசிக் கொடுத்துடுறோம் சார்" என்பார்கள். உப்பேறிய கான்கிரீட்டை அப்படியே விட்டு ஒரு இடத்தில் மட்டும் ஒட்டுப் போட்டால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துரு கிளம்பும். பணம் இரண்டு தடவை போகும்.

அடுத்தது, யாரும் பேசாத விஷயம். கட்டடத்தில் எத்தனை பேர் நிரந்தரமாகக் குடியிருக்கிறார்கள்? ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்குப் போய், எத்தனை ஜன்னலில் வெளிச்சம் என்று எண்ணுங்கள். பாதிக்குக் கீழே என்றால் யோசியுங்கள். எஸ்டிபி எனும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கிருமிகள் உயிரோடு இருந்தால்தான் ஓடும், அவற்றுக்குத் தினமும் கழிவுநீர் வரவேண்டும். வாரநாளில் நாலு வீட்டுக் கழிவு, சனிக்கிழமை ஒரேயடியாக முழுக் கட்டடத்துக் கழிவு என்றால் அது செத்துப்போகும், நாறும். அப்புறம் லாரி வைத்து இறைப்பார்கள். லிஃப்ட் பள்ளத்தில் துரு, ஓடாத மோட்டார் ஜாம், ஜெனரேட்டர் பேட்டரி காலி. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருப்பவரைக் கேட்கப் போனால் அவர் வெளிநாட்டில் இருப்பார். எல்லோருக்கும் இரண்டாவது வீடாக இருக்கும் கட்டடம் யாருக்கும் வீடில்லை. இதைத்தான் கமெண்டில் எழுதினேன். இதற்குத்தான் வயிற்றெரிச்சல் என்றார்கள்.

தண்ணீருக்கு வருகிறேன். இசிஆர் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை அது உப்பைத் தள்ளி வைக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். கொட்டிவாக்கத்திலிருந்து உத்தண்டி வரைக்கும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) நிலத்தடி நீர் சேகரிப்புப் பகுதி என்று ஒதுக்கி, மாடிகளுக்குக் கட்டுப்பாடு வைத்தது இதனால்தான். அங்கே உயரமான கட்டடம் விற்கிறார்கள் என்றால் முதலில் பிளானிங் பர்மிட்டைக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீரை ஜனவரியில் சோதிக்காதீர்கள், மழை முடிந்த கையோடு எல்லாப் போர்வெல்லும் இனிக்கும். மே, ஜூனில் போங்கள். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு அப்புறம் தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். முதலில் வருவது மேல்தண்ணீர். இழுக்க இழுக்க அடியிலிருக்கும் உப்பு கூம்பாக ஏறி வரும். 500-க்குள் இருந்தால் நல்லது. 2000 தாண்டினால் கீசர், குழாய், ஷவர் எதுவும் தாங்காது, லாரித் தண்ணீர்தான் கதி. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இருக்கின்றனவே என்று புரோக்கர் சொல்வார். ஆலை பக்கத்தில் இருப்பதால் உங்கள் தெருவுக்குக் குழாய் வந்துவிடாது. தெருவில் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று நாலு வீடு தள்ளிக் கேளுங்கள்.

வெள்ளம் கடலிலிருந்து வரும் என்று நினைக்கிறார்கள். சுனாமி வந்த ஊர், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் வழக்கமாக வருவது மேற்கேயிருந்து. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. கரையோர மணல் மேடு உயரமானது, மணலுக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிடும். சாலைக்கு மேற்கே, கால்வாயை ஒட்டிய பகுதிகள் பல தாழ்வானவை. அங்கே "வாட்டர்ஃபிரன்ட்" என்று விற்கப்படும் ஃபிளாட்டின் ஸ்டில்ட் சுவரில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தண்ணீர் எதுவரை நின்றது என்று வாட்ச்மேனைத் தனியாகக் கேளுங்கள். பூட்டிய வீட்டின் கார்ஷெட், சம்ப், மீட்டர் போர்டு மூழ்கினால் உங்களுக்குத் தகவல் வரவே நாளாகும்.

காகித விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வே எண்ணை வைத்து சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) எல்லையைப் பாருங்கள், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அந்தச் சட்டம் பேசும். அலை ஏறி இறங்கும் கழிமுகத்துக்கும் கால்வாய்க்கும்கூட அது பொருந்தும். முப்பது வருஷ வில்லங்கம், மூலப்பத்திரம், கோயில் நிலமா என்ற சோதனை, சாலை விரிவாக்கத்தில் போகிறதா என்ற சோதனை, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத நிலப்பங்கு எவ்வளவு. மாமல்லபுரமென்றால் தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை, அடுத்த 200 மீட்டர் அனுமதி பெற்றுத்தான் கட்டவேண்டும். வங்கி லோன் கொடுத்துவிட்டது என்பது இது எதற்கும் பதிலில்லை.

"அப்ப எங்கதான் வாங்குறது?" என்று கேட்பீர்கள். என் கணக்கில் பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் முதலில். விலை அதிகம், இடம் சின்னது. ஆனால் மாநகராட்சிப் பகுதி, நிரந்தரமாக ஜனம் இருக்கிறது, பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் கூப்பிட்டால் வருவார்கள். பனையூர், உத்தண்டி அதற்கடுத்து, தெருவைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். கானத்தூருக்கு அப்பால் கோவளம் ஊருக்குள் ஜனநடமாட்டம் உள்ள தெருவென்றால் சரி. திருவிடந்தையிலிருந்து நெம்மேலி, பட்டிபுலம் வரை தனியாக நிற்கும் கட்டடங்களை இரண்டாவது வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன், வாரத்தில் ஐந்து நாள் வாட்ச்மேன் மட்டும்தான் இருப்பார். புதுச்சேரிப் பக்கம் பார்ப்பவர்களுக்கு ஒன்று: துறைமுக அலைதடுப்புச் சுவர் வந்ததிலிருந்து வடக்கே போகவேண்டிய மணல் தடைபட்டு, கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் கரைகளைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய படங்களை வருஷவாரியாகத் தள்ளிப் பாருங்கள், ஒரு ஆளையும் கேட்கவேண்டாம்.

"விலை ஏறுதே சார்" என்பவர்களுக்கு: ஏறுவது நிலம். ஃபிளாட்டில் உங்கள் நிலம் யுடிஎஸ் அளவுதான், மேலே உள்ள கட்டடம் உப்பில் தேய்கிறது. "ஏர்பிஎன்பி விடுவோம், வீடு பூட்டியிருக்காது" என்பவர்களுக்கு: அசோசியேஷன் பைலாவில் அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டுப் பேசுங்கள். சனிக்கிழமை ராத்திரிப் பார்ட்டிக்காரர்களைப் பக்கத்து வீட்டுக் குடும்பம் எத்தனை வாரம் பொறுத்துக்கொள்ளும்? "வெளிநாட்டில் எல்லாம் கடலோரம்தான் வாழ்கிறார்கள்" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இப்போது எனக்கு உண்மையில் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவில் பக்கத்தில் மீனவர் குப்பம் இருந்தால் மார்க் குறைத்தார்கள். மீன் வாடையாம், படகு வழியை அடைக்கிறதாம், வலை காயப்போடுகிறார்களாம். கடற்கரை அவர்கள் வேலை செய்யும் இடம். படகும் வலையும் கருவாடு காயும் திட்டும் தலைமுறைகளாக அங்கே இருக்கின்றன. 2011 சிஆர்இசட் அறிவிக்கையே மீனவ கிராமங்களையும் அவர்களின் பொது இடங்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. மாதத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவருக்காக, தினமும் அங்கே வாழ்கிறவரை ஒரு குறை என்று எண்ணிக் கழிப்பதற்கு எப்படி மனசு வருகிறது?

நான் குப்பத்துக்குப் பக்கத்து ஏரியாவுக்கு மார்க்கைக் கூட்டிப் போடுவேன். இரக்கத்தால் சொல்லவில்லை. டிசம்பரில் கடல் எந்தத் தென்னைவரை ஏறும், மணல் எந்த மாதம் போய் எந்த மாதம் திரும்பும், 2004 சுனாமியில் தண்ணீர் எந்தத் தெருமுனை வரை வந்தது என்பதெல்லாம் அங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். எந்த பில்டரின் பிரவுச்சரிலும் அது கிடையாது. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கும் வாரநாட்களில் அந்த ஏரியாவை ஊராக வைத்திருப்பது அவர்கள்தான். டீக்கடை இருப்பதும், பஸ் நிற்பதும், ராத்திரி தெருவில் ஆள் நடமாடுவதும் அவர்களால். அவர்களைத் தவிர்த்துவிட்டு ஏரியா தேடினால் கிடைப்பது கேட் போட்ட இருட்டுத் தெரு. "மீனவர்களுக்கு வக்காலத்து வாங்க வந்துட்டான்" என்று எழுதப்போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றில் நான் நடுநிலை இல்லை.

அந்த வீடியோவைப் பார்த்து அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களுக்கு: பதற்றம் வேண்டாம். சர்வே எண்ணில் சிஆர்இசட் சிக்கலோ வில்லங்கமோ இருந்தால் முழுப்பணமும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கான்கிரீட்டின் வலிமையைச் சொல்லும் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கம்பி டிராயிங்கும் மெயிலில் கேளுங்கள். பால்கனிக் கம்பி எஸ்எஸ் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316-க்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சாவி வாங்கியதும் தரை டிராப்களில் தண்ணீர் ஊற்றி மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள், சீக்கிரம் ஆவியாகாது. அவுட்டோர் யூனிட்டை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ உள்ளூர் ஆள் ஒருவரைப் பேசி வையுங்கள். இன்சூரன்ஸ் எடுக்கும்போது பெரும்பாலும் பூட்டியிருக்கும் வீடு என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். சர்வே எண்ணைக் கமெண்டில் போடாதீர்கள், இன்பாக்ஸில் அனுப்புங்கள்.