ஓல்ட் பே கிடைக்காவிட்டால் மிளகாயைத் தேடாதீர்கள், செலரி விதையைத் தேடுங்கள்

"ஓல்ட் பே இங்கே கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக என்ன போடலாம்?" ஓல்ட் பே என்பது அமெரிக்காவில் நண்டுக்கும் இறாலுக்கும் போடும் மசாலாக் கலவை. அது பிறந்த மேரிலாண்ட் மாநிலத்தின் பால்டிமோர் பக்கம் குடியிருக்கிறேன் என்பதால் இந்தக் கேள்வி மெசஞ்சரில் வந்துகொண்டே இருக்கும். சென்னையிலிருந்தும் கேட்பார்கள், ஜெர்மனியிலிருந்தும் கேட்பார்கள். யூடியூபில் இறால் சமையல் பார்த்தவர்கள் சிலர். மேரிலாண்டில் கொஞ்ச காலம் இருந்து நண்டு ருசி கண்டு ஊர் திரும்பியவர்கள் சிலர். ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே விரிவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் 'கேஜன் மசாலாவைச் சம அளவு போடுங்கள்' என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை நம்பாதீர்கள். கேஜன் என்பது லூசியானா சமையல். பூண்டுப்பொடி, வெங்காயப்பொடி, தைம், ஆரிகனோ எல்லாம் அதில் முன்னால் நிற்கும். ஓல்ட் பே செசபீக் விரிகுடாவின் கரையில் பிறந்த கலவை. இரண்டுக்கும் நிறம் ஒன்று போலிருக்கிறது, இரண்டிலும் கொஞ்சம் காரம் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு. அதே போல 'மிளகாய்த்தூளும் கரம் மசாலாவும் கலந்தால் போதும்' என்று நம்மவர்கள் எழுதும் குறிப்புகளையும் பார்க்கிறேன். அதைப் போட்டால் இறால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது நம் வீட்டு இறால் வறுவல்.

சரி, டப்பாவில் என்னதான் இருக்கிறது? மஞ்சள் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். செலரி உப்பு, அதாவது உப்பும் செலரி விதையும், மசாலாப் பொருட்கள், அவற்றில் சிவப்பு மிளகாய், கருமிளகு என்ற இரண்டின் பெயர் மட்டும், அப்புறம் பாப்ரிகா, அதாவது காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப்பொடி. மொத்தம் 18 பொருட்கள் என்று நிறுவனம் சொல்கிறது. மீதி எல்லாம் 'மசாலாப் பொருட்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சின்னப் பட்டியலிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்க உணவு விதிகளின்படி பூண்டையும் வெங்காயத்தையும் 'மசாலாப் பொருட்கள்' என்ற பெயருக்குள் அடக்க முடியாது, அவை உணவுப் பொருள் கணக்கில் வருவதால் தனியாகப் பெயர் போட வேண்டும். டப்பாவில் அந்தப் பெயர்கள் இல்லை, ஆகவே உள்ளேயும் இல்லை. மஞ்சள்தூள், பாப்ரிகா போல நிறம் கொடுக்கும் பொருட்களையும் பெயர் சொல்லியோ 'நிறமூட்டி' என்று குறித்தோதான் போட வேண்டும். அதனால்தான் பாப்ரிகா தனியாக நிற்கிறது, மஞ்சள்தூள் இல்லை என்பதும் உறுதியாகிறது. பதிலுக்குக் கலக்கும்போது பூண்டுப்பொடியைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய தகர டப்பாக்களில் இன்னும் விவரமான பட்டியல் இருந்தது. செலரி உப்பு, மிளகு, கடுகு, ஆல்ஸ்பைஸ் (கிராம்பு வாசம் அடிக்கும் ஒரு காய்ந்த காய்), கிராம்பு, லாரல் இலை, ஜாதிபத்திரி, ஏலக்காய், இஞ்சி, பட்டை, பாப்ரிகா. நம் அஞ்சறைப் பெட்டிக்கு அந்நியமான பொருட்கள் இதில் ஒன்றிரண்டுதான்.

இந்தக் கலவையை உருவாக்கிய மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஸ்டாவ் புருன், ஜெர்மனியில் மசாலா வியாபாரம் செய்த யூதர். 1938 நவம்பரில் நாஜிகள் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கிய அந்த இரவில் கைதாகி, புக்கன்வால்ட் வதைமுகாமுக்குக் கொண்டு போகப்பட்டார். எப்படியோ வெளியே வந்து குடும்பத்தோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார், கையோடு ஒரு மசாலா அரைக்கும் எந்திரத்தையும் கொண்டுவந்தார். 1939இல் பால்டிமோரின் மொத்த மீன் சந்தைக்கு எதிரே கடை போட்டார். சந்தையில் நண்டு அவிக்கிறவர்கள் ஆளுக்கொரு பக்குவம் வைத்துக்கொண்டு அவரிடம் சரக்கு வாங்க வருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் தானே ஒரு கலவை செய்தார். செசபீக்கில் பால்டிமோருக்கும் வர்ஜீனியாவின் நார்ஃபோக்குக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல் நிறுவனத்தை மக்கள் 'ஓல்ட் பே லைன்' என்பார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. 1990இல் மெக்கார்மிக் நிறுவனம் இந்தப் பிராண்டை வாங்கியது.

மாற்று தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு துப்பு இருக்கிறது. பெரிய பங்கு நாலைந்து பொருட்களுக்குத்தான், மற்ற சின்னச் சின்னச் சரக்குகள் பின்னணி மணத்துக்காகச் சேர்ந்தவை என்ற பொருளில் அவருடைய மகன் பின்னாளில் பேசியிருக்கிறார். அதனால் ஜாதிபத்திரி இல்லையே, ஆல்ஸ்பைஸ் இல்லையே என்று கடை கடையாக அலைய வேண்டாம். அலைய வேண்டியது ஒரே ஒரு பொருளுக்காகத்தான்: செலரி விதை.

ஓமத்தைவிடப் பொடியான, பழுப்பு நிற விதை அது. வாயில் போட்டால் முதலில் லேசான கசப்பு, அப்புறம் பச்சைத் தண்டின் வாசம் மூக்கு வரைக்கும் ஏறும். அந்த வாசம் தாலைடுகள் என்ற வேதிப்பொருட்களால் வருவது. நண்டின் இனிப்புக்குப் பக்கத்தில் அந்தக் கசப்பு நிற்கும்போதுதான் 'ஆ, இதுதான்' என்று நாக்கு கண்டுகொள்கிறது. செலரி விதை இல்லாமல் மற்ற 17 பொருளையும் தங்கத் தராசில் நிறுத்துப் போட்டாலும் அந்த இடத்துக்குப் போக முடியாது.

உருவம் ஒத்துப்போகிறதே என்று ஓமத்தைப் போடாதீர்கள். ஓமத்தின் வாசம் தைமால் என்ற வேறொரு வேதிப்பொருளால் வருவது. அது வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் குடித்த ஞாபகத்தைக் கொண்டுவருமே தவிர, நண்டு பக்கம் வராது. இத்தனைக்கும் செலரி விதை விளையும் முக்கியமான நாடு இந்தியாதான், பஞ்சாபில் பயிராகி ஏற்றுமதியாகிறது. நம்மூர்ச் சந்தையில்தான் பெயர்க் குழப்பம். 'அஜ்மோதா' என்று கேட்டால் ஒரு கடையில் செலரி விதை கொடுப்பார்கள், இன்னொரு கடையில் வேறொன்றைக் கொடுப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் 'அசமதா ஓமம்' என்று தருவதும் அப்படித்தான். வாங்குமுன் நாலு விதையை உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். செலரித் தண்டு வாசம் வந்தால் வாங்குங்கள், ஓம வாசம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வங்காளிகள் தாளிக்கிற ராதுனி உங்கள் ஊரில் கிடைத்தால் அதிர்ஷ்டம், அதன் மணம் செலரி விதைக்கு மிக நெருக்கம். வீரியம் கூடுதல் என்பதால் அளவை முக்கால்வாசியாகக் குறையுங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? சூப்பர் மார்க்கெட்டில் செலரிக் கட்டு வாங்கி, பலரும் கிள்ளி எறிகிற இலைகளை நிழலில் காயவைத்து, மொறுமொறுவென்று ஆனதும் உப்போடு சேர்த்துக் கசக்குங்கள். விதையின் கசப்பு இதில் வராது, வாசம் வரும். அவித்த இறாலுக்கு இது தாராளமாகப் போதும்.

அடுத்து பிரிஞ்சி இலை. ஓல்ட் பேயில் உள்ளது மத்தியதரைக்கடல் பக்கத்து லாரல் இலை. நம் பிரியாணியில் விழுவது பெரும்பாலும் பட்டை மரத்தின் உறவுக்கார இலை. வாசமும் பட்டை, கிராம்பு பக்கம் போகும். கடையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்பார்கள். நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் அது நம்மூர் இலை. நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் என்றால் லாரல். லாரல் இலையில் யூகலிப்டஸை நினைவூட்டும் ஒரு குளிர்ச்சி உண்டு, அதுதான் வேண்டும். வெறும் தவாவில் லேசாகச் சூடு காட்டி, நடுக்காம்பைக் கிழித்துவிட்டு மிக்ஸியில் அரைத்துக் கட்டாயம் சலியுங்கள், இலைத் துணுக்கு தொண்டையில் குத்தும். நம்மூர் இலைதான் இருக்கிறது என்றால் போடுங்கள், ஆனால் பட்டையை அடியோடு விட்டுவிடுங்கள்.

மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாப்ரிகாவுக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும். அதில் காரம் குறைவு என்பதால் காரத்துக்குத் தனி மிளகாய்த்தூள் வேண்டும். கடுகு கறுப்போ மஞ்சளோ பச்சையாகப் பொடித்தால் சரி, வறுக்க வேண்டாம். ஆல்ஸ்பைஸ் இல்லையென்றால் கிராம்பை ஒரு சிட்டிகை கூட்டிக்கொள்ளுங்கள். ஜாதிபத்திரிக்கு ஜாதிக்காய். இஞ்சி என்றால் சுக்குப்பொடி.

உப்பு விஷயத்தில்தான் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். டப்பாவில் கால் டீஸ்பூன், அதாவது 0.6 கிராமுக்கு 140 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருக்கும். உப்பாகக் கணக்குப் போட்டால் சுமார் 350 மில்லிகிராம். கலவையின் எடையில் பாதிக்கு மேல் உப்புதான்! உப்பில்லாத மசாலாவைச் 'சம அளவு' போட்டுவிட்டு ருசி சப்பென்று இருக்கிறதே என்று கேட்கிறார்கள். ஏற்கெனவே உப்பு போட்டுச் சமைக்கும் குறிப்பில் இதைக் கொட்டிவிட்டு வாயில் வைக்க முடியவில்லை என்கிறார்கள். எந்த மாற்றைப் பயன்படுத்தினாலும் முதலில் உப்புக் கணக்கைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மேரிலாண்டில் நண்டைத் தண்ணீரில் வேகவைக்க மாட்டார்கள். அடியில் வினிகரும் பியரும் ஊற்றி, மேலே தட்டில் நண்டு அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மசாலாவை வாரித் தூவி ஆவியில் அவிப்பார்கள். ஓடு சிவந்து வரும்போது மசாலா அதன் மேல் ஈரச் சேறு மாதிரி அப்பிக்கிடக்கும். பழுப்புக் காகிதம் விரித்த மேசையில் கொட்டி, மரச் சுத்தியலால் காலைத் தட்டி உடைக்கும்போது அந்தச் சேறு விரலில் ஒட்டி, விரலிலிருந்து வெள்ளைச் சதைக்குப் போகும். சதைக்குள் மசாலா ஊறுவதே இல்லை, கைவழியாகத்தான் வாய்க்கு வருகிறது. இதற்குப் பொடி உப்பு உதவாது, ஆவியில் கரைந்து வழிந்துவிடும். பரல் பெரிதான உப்பு வேண்டும். இங்குள்ள நண்டுக் கடைகள் பலவற்றில் ஓல்ட் பேயைவிட 1945இல் தொடங்கிய ஜே.ஓ. ஸ்பைஸ் நிறுவனத்தின் கலவையைத்தான் போடுகிறார்கள், அதில் உப்பு பரல் பரலாக இருக்கும். எனவே அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு மாற்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: ஆவி நண்டுக்கு ஜே.ஓ. வாங்குங்கள், அது மாற்றே இல்லை, எனக்கு அதுதான் முதல் தேர்வு. லூசியானாவின் ஜாட்டரைன்ஸ் நிறுவனத்து நண்டு மசாலா வேறு முறை. கொதிக்கும் தண்ணீரில் மசாலாவைப் போட்டு, அந்தத் தண்ணீரையே நண்டு குடிக்க வைப்பார்கள். மேலே தூவுவதற்கு அது சரிப்படாது.

வீட்டில் கலக்க நான் சொல்லும் அளவு இது. பொடி உப்பு 2 மேசைக்கரண்டி, செலரி விதை 1 மேசைக்கரண்டி. இரண்டையும் சேர்த்தே மிக்ஸியில் அரையுங்கள், தனியாக அரைத்தால் விதை பிளேடுக்கு அடியில் நழுவிக்கொண்டே இருக்கும். அப்புறம் பாப்ரிகா 2 டீஸ்பூன், மிளகுப்பொடி, கடுகுப்பொடி, லாரல் இலைப்பொடி தலா 1 டீஸ்பூன், காரமான மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், சுக்கும் ஆல்ஸ்பைஸும் கால் கால் டீஸ்பூன். கிராம்பு, ஜாதிபத்திரி, ஏலக்காய், பட்டை ஒவ்வொரு சிட்டிகை, அதற்கு மேல் வேண்டாம். ஏலக்காய் வாசம் தனியாகத் தெரிந்தால் கை மீறிவிட்டது என்று பொருள். ஆவி நண்டுக்கு என்றால் பொடி உப்பைப் பாதியாகக் குறைத்து, அவிக்கும் முன் கல்லுப்பைக் கொரகொரவென்று இடித்துக் கலந்துகொள்ளுங்கள். ஒரு நாள் மூடி வைத்துவிட்டுப் பயன்படுத்தினால் மணம் சேர்ந்து வரும்.

நண்டுச் சதையை வடை மாதிரி தட்டி நண்டு கேக் செய்கிறவர்கள் இதில் அரைக் கிலோ சதைக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் போடாதீர்கள், சதையின் இனிப்பு அமுங்கிப்போகும். அமெரிக்கக் கடைகளில் டப்பாவில் விற்கும் நண்டுச் சதையில் பெரும்பகுதி ஆசியாவிலிருந்து வருவது, பாக் நீரிணைப் பக்கத்து நீல நண்டும் அதில் உண்டு. தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் யாழ்ப்பாணப் பக்கத்திலும் இருப்பவர்கள் செசபீக் நண்டுக்காக ஏங்க வேண்டியதில்லை. அதற்கு நெருங்கிய நண்டு உங்கள் சந்தையிலேயே புத்தம்புதிதாகக் கிடைக்கிறது.

கடைசியாக ஒவ்வாமை பற்றி. செலரியும் கடுகும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இரண்டையும் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. வீட்டில் கலந்ததை யாருக்காவது பாட்டிலில் போட்டுக் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். செலரி ஒத்துக்கொள்ளாதவர்கள் ராதுனியையும் தொட வேண்டாம், அதே குடும்பத்துச் செடி. அவர்களுக்கு உப்பு, மிளகு, லாரல் இலை, பாப்ரிகா, துருவிய எலுமிச்சைத் தோல் போட்டு இறால் அவித்துக் கொடுங்கள். ஓல்ட் பே ருசி வராது, ஆனால் இறால் அருமையாக இருக்கும்.