திங்கட்கிழமையாவது விடுங்கள்
ஏப்ரலில் கொழும்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஞாயிறன்று இரண்டு ஆராதனைகள் முடிவதற்குள் என் அங்கி வியர்வையில் ஊறிவிடும். திங்கள் மாலை மகனோடு காலி முகத்திடலில் பட்டம் விடுவதுதான் என் ஒரே ஓய்வு. அங்கேயும் யாராவது வந்து நிற்கிறார்கள்: "போதகர் ஐயாவுக்குப் பட்டம் விட நேரமிருக்கிறதா?"

ஏன் இருக்கக்கூடாது? சற்றே இளைப்பாறுங்கள் என்று சீடர்களை அழைத்தவர் இயேசுவேதான். மாற்கு 6:31 இல் இருக்கிறது. அந்தத் திடலில் 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் முடித்த கடலோர நடைபாதை கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென்று கல்லிலேயே எழுதியிருக்கிறது. என் மகனும் கொழும்புப் பிள்ளைதான். கடற்காற்றில் அவன் பட்டம் எழும்பும்போது என் வாயில் வரும் ஸ்தோத்திரம் பிரசங்க மேடையில் சொல்வதற்குக் குறைந்ததல்ல.

போன வாரம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவன் பேசாமல் நூலைச் சுற்றத் தொடங்கிவிட்டான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.