ஆளுக்குப் பாதி

தம்பி: அநியாயம் அக்கா! தேசிய விருதிலும் மொழியைப் பார்த்துத்தான் மரியாதை கொடுக்கிறார்கள்.

அக்கா: (தையல் இயந்திரத்தின் முன், வாயில் குண்டூசி) ம்ம்... முன்பு 70 சதவீதம் மலாய் இருந்தால்தான் சிறந்த படம் என்றார்களே.

தம்பி: மலாயா? டில்லியில் யார் அக்கா மலாய் பேசுகிறார்கள்?

அக்கா: நீ டில்லியைச் சொல்கிறாயா? நான் ஃபினாஸைச் சொன்னேன்.

தம்பி: எந்த ஃபைனான்ஸ்? கார் கடனா?

அக்கா: ஃபினாஸ் தம்பி. 1981-இல் நம் அரசாங்கம் ஆரம்பித்தது. மலேசியத் திரைப்பட விழா நடத்தி விருது கொடுக்கிறவர்கள்.

தம்பி: ஓ, இங்கேயும் கொடுக்கிறார்களா? சரி, அதை விடுங்கள். நான் சொல்வது நம் நாட்டு விருது.

(தம்பி பிறந்து வளர்ந்தது கோலாலம்பூர் செந்தூல். தமிழ்நாட்டை ஒரே முறை பார்த்திருக்கிறார், திருப்பதிக்குப் போகிற வழியில்.)

தம்பி: 'ஆடுகளம்' படத்துக்குத் தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருது. முழுசாகக் கொடுத்தார்களா? மலையாளத்துச் சலீம் குமாரோடு பாதி. 'அசுரன்' வந்தது. மனோஜ் பாஜ்பாயோடு பாதி. சூர்யாவுக்கு 'சூரரைப் போற்று'. அஜய் தேவ்கனோடு பாதி. 2025-இல் 'பார்க்கிங்' படத்துக்கு எம்.எஸ்.பாஸ்கருக்குத் துணை நடிகர் விருது. அந்த மனுஷனுக்கும் விஜயராகவனோடு பாதி! தமிழன் என்றால் பாதிதானா?

அக்கா: ஷாருக் கானுக்கு?

தம்பி: அவருக்கு என்ன?

அக்கா: அதே 2025-இல்தானே 'ஜவான்' படத்துக்குச் சிறந்த நடிகர் என்று அறிவித்தார்கள். இத்தனை வருஷம் நடித்து அதுதான் அவருக்கு முதல் தேசிய விருது. அதுவும் விக்ராந்த் மாஸியோடு பாதி. ஷாருக் கான் எந்த ஊர்த் தமிழர்?

தம்பி: (கொஞ்சம் யோசித்து) அந்தப் படத்தை எடுத்தது நம் அட்லி. அதனால்தான் பாதி!

(தையல் இயந்திரம் ஒரு நொடி நின்றது. இப்படிப்பட்ட மூளையோடு வாதம் செய்வதா, துணியைத் தைப்பதா என்று யாருக்கும் குழப்பம் வரும்.)

அக்கா: சிறந்த நடிகருக்குக் கொடுக்கிற வெள்ளித் தாமரைக்குப் பரிசு 2 லட்சம் ரூபாய். பாதி என்றால் நம் காசுக்கு 5,000 ரிங்கிட்கூட வராது. ஷாருக் கானே சமாளித்துக்கொள்வார். நீ எதற்கு என் மேசையைத் தட்டுகிறாய்? ஊசி ஏறிவிடும்.

தம்பி: காசா முக்கியம்? ஜனாதிபதி கையால் வாங்குகிறார்கள் அக்கா!

அக்கா: 2018-இல் ஜனாதிபதி 11 பேருக்கு மட்டும் கொடுத்தார். மற்றவர்களுக்கு அமைச்சர் கொடுப்பார் என்றதும் 50 பேருக்கு மேல் விழாவுக்கே வரவில்லை.

தம்பி: பார்த்தீர்களா, அங்கேயும் பாதி!

அக்கா: 11 எப்படியடா பாதி?

தம்பி: சரி, சிவாஜியை எடுத்துக்கொள்ளுங்கள். நடிகர் திலகம்! சிறந்த நடிகர் என்று ஒரு தடவைகூடக் கொடுக்கவில்லை. எம்.ஜி.ஆருக்கு 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்குக் கொடுத்தார்கள்.

அக்கா: பிறகு சிவாஜிக்குப் பால்கே விருது கொடுத்தார்களே.

தம்பி: அது வயதானதற்குக் கொடுத்தது. நடிப்புக்கு எங்கே?

அக்கா: 'ரிக்‌ஷாக்காரன்' வந்தபோது உனக்கு என்ன வயது?

தம்பி: நான் பிறக்கவே இல்லை. அப்பாவுக்கு வந்த கோபம். அவர் வீடு வாசல் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை, இதைத்தான் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா: அதையாவது முழுசாக வைத்துவிட்டுப் போனாரே. சரி, 'ஜகாட்' பார்த்தாயா?

தம்பி: யார் கதாநாயகன்?

அக்கா: ஒரு சின்னப் பையன். சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம் ஆட்களின் கதை. 2016-இல் ஃபினாஸ் விழாவில் அதைச் சிறந்த படத்துக்கான வரிசையில் சேர்க்கவில்லை. மலாய் போதவில்லையாம், வேறு மொழிப் படம் என்று தனியாக உட்கார வைத்தார்கள். நாடே சண்டை போட்டது. மலாய் நடிகர் அஃப்ட்லின் ஷௌகி போட்டியிலிருந்தே விலகினார். அப்புறம்தான் விதியை மாற்றினார்கள். சிறந்த மலேசியப் படம் என்று 'ஜகாட்' விருது வாங்கியது.

தம்பி: முழுசாகவா?

அக்கா: முழுசாக.

தம்பி: அப்படியென்றால் அந்த ஃபைனான்ஸ்காரர்கள் பரவாயில்லையே.

அக்கா: நம் படத்துக்காக ஒரு மலாய் நடிகர் விலகினாரே, அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்?

தம்பி: கமலுக்கு மூன்று தேசிய விருதா, நான்கா என்று மச்சானோடு சண்டை. அது இன்னும் முடியவில்லை.

அக்கா: போன வருஷம் இங்கே ஒரு பையன் தமிழ்ப் படம் எடுத்தான். நான்தான் துணி தைத்துக் கொடுத்தேன். கூலியில் பாதிதான் வந்தது.

தம்பி: பார்த்தீர்களா!

அக்கா: மீதியைப் படம் ஓடினால் தருவானாம். உன்னைப் போன்ற ஆட்கள் இருக்கிற ஊரில் அது எங்கே ஓடப்போகிறது? இந்தச் சிலுவாரை (கால்சட்டையை) எதற்கு இவ்வளவு அவசரமாகக் கேட்கிறாய்?

தம்பி: சனிக்கிழமை புக்கிட் ஜாலிலில் கலை நிகழ்ச்சி. சென்னையிலிருந்து எல்லோரும் வருகிறார்கள்.

அக்கா: டிக்கெட்?

தம்பி: 388 ரிங்கிட்தான். மேடைக்குக் கொஞ்சம் தூரம். ஆனால் பெரிய திரை வைப்பார்கள்.

அக்கா: திரையில் பார்ப்பதற்கு 388. உள்ளூர்ப் படத்தை அதே திரையில் பார்க்க 20 ரிங்கிட் வராது.

தம்பி: கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா, நான் பார்க்க மாட்டேன் என்றா சொன்னேன்? அந்தப் பையன் படத்தை முதலில் தமிழ்நாட்டில் வெளியிடச் சொல்லுங்கள். அங்கே நன்றாக ஓடினால் நானும் பார்க்கிறேன்.

அக்கா: கூலி 15 ரிங்கிட். முழுசாக எடுத்து வை.