பந்தும் பந்தாவும்

2022 டிசம்பர் 5 இரவு. நம் நேரப்படி பன்னிரண்டரைக்கு கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து, பிரேசில்–தென் கொரியா. சித்தப்பா வீட்டு ஹாலில் நான், சித்தப்பா, தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்திருந்த அவர் பேரன். ஏழாவது நிமிடத்தில் வினிசியஸ் கோல் போட்டார், நாலு பேர் ஒன்றுகூடி ஒரு டான்ஸ். பதிமூன்றில் நெய்மரின் பெனால்டி, மறுபடி டான்ஸ். இருபத்தொன்பதில் ரிச்சார்லிசன் பந்தைத் தலையிலேயே தட்டித் தட்டிக் கொண்டுபோய், பாஸ் கொடுத்து, திரும்ப வாங்கி, கோல். இந்த முறை கோச் டிட்டேயும் சேர்ந்துகொண்டார். அறுபதைத் தாண்டிய மனிதர், புறா மாதிரி கழுத்தை வெட்டி வெட்டி ஆடினார். முப்பத்தாறில் பக்கெட்டா. இடைவேளைக்கு முன்பே நாலு கோல்.

சித்தப்பா இளமையில் மாவட்ட அளவில் வாலிபால் ஆடியவர். விளையாட்டு என்றால் அவருக்குக் கோயில். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ரொம்ப ஆடுறானுங்கடா. இது நல்லதுக்கில்ல."

ஆடுவது என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் படுத்துகிற பாடு இருக்கிறதே. விளையாடினாலும் ஆட்டம்தான், டான்ஸும் ஆட்டம்தான், திமிர் பண்ணினாலும் "என்ன, ரொம்ப ஆடுற?" தான். அன்று பிரேசில் மூன்றையும் செய்ததாக சித்தப்பா தீர்ப்பு எழுதிவிட்டார். முதல் இரண்டை மட்டும்தான் செய்தார்கள் என்பது என் கட்சி.

இங்கிலாந்து டிவியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பழைய கேப்டன் ராய் கீனும் சித்தப்பா கட்சிதான். எதிரணிக்கு இது மரியாதைக் குறைவு, அதிலும் கோச் போய் ஆடுவதெல்லாம் சரியில்லை என்று முகத்தைச் சுளித்தார். யார் சொல்கிறார் பாருங்கள். 2001-ல் மான்செஸ்டரின் இரண்டு அணிகளும் மோதிய டெர்பியில் ஆல்ஃபி ஹாலண்டின் (இப்போதைய எர்லிங் ஹாலண்டின் அப்பா) முழங்காலைப் பார்த்து மிதித்தவர், பிறகு வேண்டுமென்றேதான் செய்தேன் என்று சுயசரிதையில் போட்டு, ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கியவர். கோல் போட்டுவிட்டு ஆடினால் மரியாதைக் குறைவு, காலை உடைக்கப் பார்த்தால் ஆண்மை. இந்தக் கணக்கு எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

டிட்டே பிறகு விளக்கம் சொன்னார்: சந்தோஷம், அவ்வளவுதான், கொரியாவை அவமதிக்க இல்லை என்று. ரஃபின்யா ஏற்கெனவே பத்தாவது கோல் வரைக்கும் டான்ஸ் தயார் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டவர்களுக்கு எரிச்சல் வந்திருக்கலாம், தப்பில்லை.

அடக்கம் என்று நாம் கொண்டாடுவது எதை? பெரும்பாலும் வாய் திறக்காமல் இருப்பதை. மைதானத்தில் நிஜமான திமிர் வேறு இடத்தில் இருக்கிறது. எதிரே இன்னும் ஒருத்தன் நிற்கிறான், பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது என்பதை மறப்பதுதான் திமிர் என்பேன்.

காலித் அஸ்க்ரியின் வீடியோவைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். மொராக்கோ கோல்கீப்பர். 2010-ல் அந்நாட்டுக் கோப்பைப் போட்டி, பெனால்டி ஷூட் அவுட். வந்த பந்தைத் தடுத்துவிட்டார். அப்படியே எழுந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு ரசிகர்களைப் பார்த்து நடந்தார். கையில் பட்டு மேலே போன பந்து தரையில் விழுந்து, சுழன்று, யாரோ கூப்பிட்டது மாதிரி மெதுவாக உருண்டு கோலுக்குள் போனது. அவருக்குப் பின்னால். பந்து நிற்கும்வரை பெனால்டி முடிவதில்லை என்பது விதி. கோல். நான் இதை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். முதல் பத்து தடவை சிரித்தேன், அதன் பிறகு பாவமாக இருந்தது. நெஞ்சில் அடித்துக்கொண்டது தப்பே இல்லை. பந்தைத் திரும்பிப் பார்க்காததுதான் தப்பு.

கொலம்பியாவின் இகிடா கதை இதைவிடச் சிக்கலானது. 1990 உலகக் கோப்பை, நேப்பிள்ஸ், கேமரூனோடு நாக் அவுட், கூடுதல் நேரம். கொலம்பியா ஏற்கெனவே ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கோல்கீப்பரான இகிடா கோலை விட்டு எங்கேயோ முன்னால் வந்து நின்று, காலில் பந்தை வைத்து இழுத்து ரோஜர் மில்லாவை ஏமாற்றப் பார்த்தார். மில்லாவுக்கு அப்போது 38 வயது. பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, காலியாக இருந்த கோலில் போட்டுவிட்டு, கார்னர் கொடியிடம் போய் இடுப்பை ஆட்டினார். கொலம்பியா 2–1 என்று தோற்று வெளியேறியது. ஒரு நாடே இகிடாவைத் திட்டியிருக்கும். அதே ஆள் ஐந்து வருஷம் கழித்து, 1995 செப்டம்பரில் வெம்ப்ளியில், இங்கிலாந்தின் ஜேமி ரெட்நாப் அடித்த பந்தைக் கையால் பிடிக்காமல் முன்னால் பாய்ந்து, இரண்டு குதிகாலாலும் தலைக்கு மேலே தேள் கொட்டுவது மாதிரி உதைத்துத் தடுத்தார். இன்றைக்கும் அதைக் காட்டாத கால்பந்துத் தொகுப்பு உண்டா? நேப்பிள்ஸில் செய்தது திமிர் என்றால் வெம்ப்ளியில் செய்தது என்ன? என்னைக் கேட்டால், மில்லா முன்னால் அவர் எதிராளியைக் குறைத்து எடைபோட்டார், வெம்ப்ளியில் யாரையும் போடவில்லை. ஆனால் அது நட்புமுறை ஆட்டம் என்பதால் நான் சலுகை கொடுக்கிறேனோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

சீன் போடுவதிலேயே நான் நிஜமாக வெறுத்தது எடில்சன் செய்ததைத்தான். 1999 ஜூன், பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநில இறுதிப்போட்டி, கொரிந்தியன்ஸ்–பால்மைராஸ். முதல் ஆட்டத்தை கொரிந்தியன்ஸ் 3–0 என்று ஜெயித்திருந்தது. இரண்டாவது 2–2-ல் இருக்கிறது, கோப்பை கைக்கு வந்தாயிற்று. எடில்சன் பந்தைத் தூக்கி வித்தை காட்ட ஆரம்பித்தார். காலில் தட்டி, தலையில் ஏற்றி, பிடரியில் நிறுத்தி. பந்து எங்கேயும் போகவில்லை, அவரும் எங்கேயும் போகவில்லை. பால்மைராஸ்காரர்கள் பாய்ந்தார்கள், மைதானம் முழுக்க அடிதடி, ஆட்டம் அதோடு முடிந்தது. தென் அமெரிக்க நாடுகளின் கோப்பா அமெரிக்கா போட்டிக்கான பிரேசில் அணியிலிருந்தும் எடில்சனைத் தூக்கிவிட்டார்கள். அடித்தவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வித்தையில் விளையாட்டு எங்கே இருந்தது?

இதையே சொல்லி கெர்லோனையும் திட்டுவார்கள், அங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரேசிலின் க்ரூசெய்ரோ அணியின் சின்னப் பையன், பந்தைத் தலையில் தட்டிக்கொண்டே ஓடுவான். கடல்நாய் டிரிப்ளிங் என்று பேர். 2007-ல் அட்லெடிகோ மினெய்ரோவோடு நடந்த ஆட்டத்தில் அப்படி ஓடியபோது கோயெல்யோ என்ற டிஃபெண்டர் அவன் மேலேயே மோதித் தள்ளினார், சிவப்பு அட்டை. தலையில் துள்ளுகிற பந்தை ஆளை இடிக்காமல் எப்படிப் பறிப்பது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் கெர்லோன் கோலைப் பார்த்துத்தான் ஓடினான். எடில்சன் நின்ற இடத்திலேயே நின்றார். எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

2022-ல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆன்டனி, ஷெரிஃப் அணியோடு ஆடும்போது பந்தோடு தன்னைத்தானே இரண்டு சுற்று சுற்றிவிட்டு பாஸைத் தப்பாகக் கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? அந்த அணியின் பழைய வீரர் ஸ்கோல்ஸ் கடுப்பானார். கோச் டென் ஹாக், வித்தை காட்டு, ஆனால் அதனால் ஏதாவது பலன் இருக்கட்டும் என்ற மாதிரி சொன்னார். நல்ல அளவுகோல் என்று ரொம்ப நாள் நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பிரேசிலின் கரின்ச்சாவை யோசித்தேன், அளவுகோல் உடைந்துவிட்டது.

ஒரு கால் இன்னொன்றைவிடக் குட்டை, இரண்டும் ஒரே பக்கமாக வளைந்தவை. பாவ் கிராந்தே என்ற மில் ஊரிலிருந்து வந்தவர், அந்த மில்லிலேயே வேலை பார்த்தவர். 1958-லும் 1962-லும் உலகக் கோப்பை. டிஃபெண்டரைத் தாண்டிவிட்டு, கோலை நோக்கிப் போகாமல் நின்று, அவன் திரும்பி வரட்டும் என்று காத்திருந்து, மறுபடி தாண்டுவார். இதில் என்ன பலன்? ஒன்றுமில்லை. ஆனால் மைதானத்துக்கு வெளியே அவரைப் போல அலட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. காசையும் பேரையும் காப்பாற்றத் தெரியாமல், குடியில் கரைந்து 1983-ல் போனார். பிரேசில்காரர்கள் அவருக்கு வைத்த பேர் 'மக்களின் மகிழ்ச்சி'. அந்தக் காத்திருப்பில் எதிராளியை மறந்த திமிர் இல்லை, இன்னொரு தடவை விளையாடலாம் வா என்று கூப்பிடுகிற குழந்தைத்தனம்தான் இருந்தது. இதை எந்த விதிக்குள் அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. யார் ஆடினால் திமிர் ஆகிறது? 2022 செப்டம்பரில் வினிசியஸின் கோல் டான்ஸைப் பற்றி ஸ்பெயின் டிவியில் ஒரு ஏஜென்ட் பேசியபோது குரங்கு என்ற சொல் வந்து விழுந்தது. எதிராளியை மதிக்கக் கற்றுக்கொள் என்ற அறிவுரையோடு சேர்த்தே. பெலேயும் நெய்மரும் வினிசியஸுக்காகப் பேச வேண்டியிருந்தது. 2018 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் பிரான்ஸின் கிரீஸ்மான் பெனால்டி போட்டுவிட்டு நெற்றியில் விரலை வைத்து ஒரு வீடியோ கேம் டான்ஸ் ஆடினார். அந்த சைகைக்கு அர்த்தமே 'தோத்தாங்குளி' என்பதுதான். அதற்கு யாரும் அவரை எந்த மிருகத்தோடும் ஒப்பிடவில்லை. அழகாக இருக்கிறது என்று ரசித்தார்கள்.

அதே இறுதிப்போட்டியில்தான் நாமெல்லாம் உருகும், பிரான்ஸ் வீரர் காண்டேயின் காட்சியும். உலகக் கோப்பை கை மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கிறது, காண்டே கேட்கக் கூச்சப்பட்டு ஓரமாக நிற்கிறார். கடைசியில் என்சோன்சிதான் வாங்கி அவர் கையில் கொடுக்க வைத்தார். அன்று காண்டே சரியாக ஆடவில்லை, ஐம்பத்தைந்தாவது நிமிடத்திலேயே வெளியே எடுத்துவிட்டார்கள். அவருக்குப் பதிலாக உள்ளே போனவர் யார் தெரியுமா? அதே என்சோன்சி. எனக்குக் காண்டேயைவிட என்சோன்சியைத்தான் அந்தக் காட்சியில் பிடிக்கும், ஆனால் அவர் படத்தை வைத்து யாரும் பதிவு போடுவதில்லை.

காண்டே படத்துக்குக் கீழே எழுதுவது எப்போதும் ஒன்றுதான்: 'நிறைகுடம் தளும்பாது'. சாடியோ மானே படத்துக்கும் அதேதான். மானே செனகலில் தன் சொந்த ஊர் பம்பாலியில் ஆஸ்பத்திரி கட்டினார், பள்ளிக்கூடம் கட்டினார். ஊரில் ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் அப்பாவைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவர். இதைச் சொன்னால் போதாதா? இல்லை, கீறல் விழுந்த போனோடு அவர் நடக்கும் படத்தைப் போட்டு, பக்கத்தில் ரொனால்டோவின் காரைப் போட்டு, "பார்த்துக் கற்றுக்கொள்" என்று ஒரு வாட்ஸ்அப் பார்வர்டு. தன் போனைப் பற்றி மானே பெருமை பேசவில்லை, அவருக்காக நாம் பேசுகிறோம். அந்த மனிதரின் அடக்கத்தைக்கூட நாம் சீனாக்கிவிட்டோம்.

நிறைகுடம் என்றால் எனக்கு ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசா. தச்சுவேலை கற்றவர், உலகக் கோப்பைகளில் 16 கோல். 2005-ல் தன் அணிக்குக் கிடைத்த பெனால்டியை, அது ஃபவுல் இல்லை என்று நடுவரிடமே சொல்லி வேண்டாமென்றவர். 2012-ல் நப்போலிக்கு எதிராக லாசியோவுக்காக நாலாவது நிமிடத்திலேயே கோல் போட்டார், நடுவரும் கொடுத்துவிட்டார். க்ளோசாவே போய், பந்து என் கையில் பட்டது என்றார். கோல் ரத்து. லாசியோ 3–0 என்று தோற்றது. இவ்வளவு நேர்மையான மனிதர் கோல் போட்டால் என்ன செய்வார்? அந்தரத்தில் குட்டிக்கரணம் அடிப்பார். நிறைகுடம் தலைகீழாகக் கவிழ்ந்தும் தளும்பவில்லை!

அவருடைய பதினாறாவது கோல் வந்தது 2014-ல் பிரேசிலை 7–1 என்று ஜெர்மனி நொறுக்கிய அன்று. இடைவேளையில் 5–0. பிரேசிலைக் கேவலப்படுத்துகிற வித்தை எதுவும் வேண்டாம், ஒழுங்காக ஆடுவோம் என்று அறைக்குள் பேசிக்கொண்டதாக ஹும்மல்ஸ் பிறகு சொன்னார். ஒழுங்காக ஆடியதில் இன்னும் இரண்டு கோல் விழுந்தது. அழுதுகொண்டிருக்கும் எதிராளியிடமும் முழுசாக ஆடுவதுதான் மரியாதை. பாவம் பார்த்துப் பந்தை நிறுத்தி வைத்திருந்தால் அது இதைவிடப் பெரிய அவமானமாக இருந்திருக்கும்.

ஸ்வீடனின் ஸ்லாடன் இப்ராஹிமோவிச்சைப் பற்றி நிறைய எழுத ஆசை, இடமில்லை. 2018-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, நகரத்துக்கு 'உங்கள் நன்றியை ஏற்றுக்கொண்டேன்' என்ற தொனியில் ஒரு வரி போட்டார். முதல் ஆட்டம், அணி 3–0 என்று பின்தங்கி ஒரு கோலைத் திருப்பியிருந்தது, 3–1-ல் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார், இரண்டு கோல், 4–3 வெற்றி. அது திமிர் இல்லை, சிரிக்காமல் சொல்லப்பட்ட ஜோக்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். கொரியா ஆட்டத்துக்கு நாலு நாள் கழித்து, டிசம்பர் 9. இரவு எட்டரைக்கு பிரேசில்–குரோஷியா. கூடுதல் நேரத்தில் நெய்மர் போட்ட கோலில் பிரேசில் முன்னிலை. முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, இன்னொரு கோலுக்காக எல்லோரும் மேலே ஏறியிருந்த நேரத்தில் குரோஷியா பந்தைக் கொண்டுபோய் பெட்கோவிச் மூலம் சமன் செய்தது. பெனால்டியில் பிரேசில் வெளியே. சித்தப்பாவுக்குத் தீர்ப்பு நிறைவேறிய திருப்தி. "ஆடினானுங்கல்ல? அனுபவிக்கட்டும்." ஒரு கோல் கையில் இருக்கும்போது பின்னால் ஆள் வைக்காததுதான் காரணம், டான்ஸ் இல்லை என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. பேரன் அழுதுகொண்டே தூங்கிப்போனான்.

பன்னிரண்டரைக்கு அர்ஜென்டினா–நெதர்லாந்து. சித்தப்பா மெஸ்ஸி பக்தர். "அடக்கம்னா இவன்டா" என்பார், இருபது வருஷமாக. அன்று பெனால்டி கோல் போட்ட மெஸ்ஸி நேராக நெதர்லாந்து கோச் வான் ஹாலைப் பார்த்து நின்று, இரண்டு காதுக்கும் பின்னால் கையைக் குவித்து, இப்போது பேசு பார்ப்போம் என்று காட்டினார். மணி மூன்றைத் தாண்டி, பெனால்டியில் ஜெயித்து முடித்து, பேட்டிக்கு நின்றவர் நடுவில் திரும்பி நெதர்லாந்து வீரர் வெகோர்ஸ்டைப் பார்த்து, "என்னடா பார்க்கிற முட்டாள், போ அந்தப் பக்கம்" என்கிற அர்த்தத்தில் ஸ்பானிஷில் எகிறினார்.

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சித்தப்பா?"

"அவன எவ்வளவு சீண்டியிருப்பானுங்களோ" என்றார்.